எதிராளி வரிசை – 9: கும்மந்தான் கான்சாகிபு

போன வாரம் நியூயார்க் நகரத்துப் போலோ மைதானத்தில், 12-வது சுற்று முடிந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1941 ஜூன் 18 இரவு. புள்ளிக் கணக்கில் சவால் விட்ட பில்லி கான் முன்னால் இருந்தார். மிச்சமிருந்த மூன்று சுற்றிலும் எட்டி எட்டி ஆடியிருந்தாலே பட்டம் அவர் வீட்டுக்குப் போயிருக்கும். ஆனால் பில்லிக்கு ஆசை விடவில்லை. குத்துச்சண்டைச் சாம்பியன் ஜோ லூயியை அடித்து வீழ்த்தியே தீருவது என்று நெருங்கிப் போனார். 13-வது சுற்று முடிய இரண்டே விநாடி இருந்தபோது, தரையில் கிடந்த பில்லிக்கு நடுவர் பத்து எண்ணி முடித்தார். 1940 டிசம்பரில் தொடங்கி மாதம் ஒருவராக வந்த ஏழு பேரையும் லூயி வென்றுவிட்டார்.

அந்த ஏழு பேரையும் தேடிப்பிடித்து மேடையேற்றியவர் மைக் ஜேக்கப்ஸ் என்ற போட்டி அமைப்பாளர். எதிராளி விழுந்தாலும் லூயி விழுந்தாலும் வசூல் அவருக்குத்தான். ஆனாலும் ஒரு நாள்கூட அவர் தானே கையுறை மாட்டிக்கொண்டு லூயியின் எதிரே வந்து நின்றதில்லை.

இந்த வாரம் பார்க்கப்போகிறவருக்கு அது நடந்தது.

வைகைக் கரைக்கு வருவோம். முகம்மது யூசுப் கான். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் மருதநாயகம் பிள்ளையாகப் பிறந்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இந்தியச் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவர். கமாண்டன்ட் என்ற பதவிப் பெயர் தமிழ் வாயில் கும்மந்தான் ஆனது. மதுரைக்கு அவர் கான்சாகிபு. கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கின்றன.

1752-இல் கிளைவின் கீழ் சண்டைக்கு வந்தவர். அடுத்த இரண்டு ஆண்டுகள் திருச்சி முற்றுகையில், பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்க்காரர்களும் சூழ்ந்திருந்த கோட்டைக்குள் சோற்றுக்கு வழி பண்ணியவர்களில் முதல் ஆள் இவர்தான். அரிசி வண்டிகளை எந்தப் பாதையில், எந்த இரவில் கொண்டுவருவது என்பதில் தளபதி லாரன்ஸ் இவர் சொல்லைக் கேட்டார். கம்பெனி தங்கப் பதக்கம் கொடுத்தது. இந்தப் பதக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர்கள் அதை மறந்தது எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் நம் கதை.

முதல் எதிராளி காட்டிலிருந்து வந்தான். 1755-இல் கர்னல் ஹெரான் தெற்கே வரி வசூலிக்கப் புறப்பட்டார். சிப்பாய்களோடு கான்சாகிபு கூடப் போனார். போன இடத்தில் ஹெரான் செய்த காரியம், திருமோகூர்க் கோயிலைச் சூறையாடி விக்கிரகங்களை மூட்டை கட்டியது. ஊர் பொறுக்குமா? மே 29 அன்று நத்தம் கணவாயில், மரங்களுக்கிடையே நீண்டு போன படைவரிசையின் மேல் கள்ளர்கள் பாய்ந்தார்கள். விக்கிரகங்கள் திரும்பிப் போயின. படை அடி வாங்கிக்கொண்டு திருச்சி போய்ச் சேர்ந்தது. ஹெரான் இராணுவ விசாரணையில் வேலை இழந்தார். கணவாய் என்றால் என்ன என்பதைக் கான்சாகிபு தெரிந்துகொண்டார்.

அடுத்த எதிராளி ஆள் அல்ல, மதுரைக் கோட்டை. ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் அண்ணன் மாபூஸ்கான், தம்பிக்கு எதிராகத் திரும்பிவிட்டார். அவர் பெயரைச் சொல்லிக் கோட்டையை வைத்திருந்தவர் பர்க்கத்துல்லா. 1757 மே முதல் தேதி, விடியும் முன், கேப்டன் காலியோ ஏணி சார்த்தி ஏறப் பார்த்தார். உள்ளே விழித்துக்கொண்டார்கள்; ஏறியவர்கள் இறங்க வேண்டியதாயிற்று. அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் திருச்சியை மிரட்ட, காலியோ அங்கே ஓடினார். கான்சாகிபு மதுரைக்கு வெளியே காவல் இருந்தார். ஜூலையில் காலியோ திரும்பி வந்து மதிலை உடைத்து மறுபடி தாக்கினார். மறுபடி தோல்வி.

இரட்டை மதில், நடுவே வெளி, சுற்றி அகழி, எழுபதுக்கு மேற்பட்ட கொத்தளங்கள். இன்றைய வெளிவீதிகள் ஓடும் இடம் அது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் பின்னாளில் அந்த மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள். கடைசியில் கோட்டை விழவில்லை, விலைக்கு வந்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். செப்டம்பர் 8 அன்று பணம் வாங்கிக்கொண்டு பர்க்கத்துல்லா வாசலைத் திறந்துவிட்டார்.

கான்சாகிபுவின் வாழ்க்கையில் அதிமுக்கியமான பாடம் இந்த நான்கு மாதத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏணி எங்கே சாயும், எந்தப் பக்கம் மதில் பிளக்கும், பிளந்த இடத்தில் ஏறுகிறவன் எப்படிச் சாவான் என்பதையெல்லாம் அவர் வெளியே நின்று கற்றார். பாடத்தின் மறுபாதி, பணத்துக்குத் திறந்த வாசல். அதை அவர் கற்றாரா? பொறுங்கள்.

மூச்சு விட நேரமில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் திண்டுக்கல்லிலிருந்து ஹைதர் அலி இறங்கினார். பின்னாளில் கம்பெனியைக் கலங்கடித்த அதே ஹைதர். மதுரைச் சுற்றுப்புறத்தைக் கொள்ளையிட்ட அவரை நத்தம் கணவாய்ப் பக்கம் மடக்கி விரட்டினார் கான்சாகிபு. இரண்டு ஆண்டுக்கு முன் கணவாயில் வாங்கிய அடியைக் கணவாயிலேயே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தார். தெற்கே இருந்த கான்சாகிபுவுக்கு ஓலை பறந்தது. செங்கல்பட்டில் இருந்த பிரெஸ்டன் என்ற அதிகாரியும் இவரும் சேர்ந்து லாலியின் முதுகுப்புறத்தை விடாமல் குடைந்தார்கள். தானியம் வரும் பாதைகளை அடைத்தார்கள். 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் பெரிய மோதல். எட்டு நாள் கழித்து லாலி முற்றுகையை விட்டார். பிரெஸ்டன் என்ற பெயர் திரும்ப வரும்.

அதே ஆண்டு ஐந்து லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் கான்சாகிபு கைக்கு வந்தன. நெற்கட்டும்செவலில் பாளையக்காரர் பூலித்தேவர் காத்திருந்தார். டிசம்பரில் அவருடைய வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கிக் கான்சாகிபு தோற்றார். ஆம், தோற்றார்; அவர் புகழ் பாடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். மண் கோட்டைதான். ஆனால் குண்டு புதைந்ததே தவிர மதில் சரியவில்லை. 1761 மே மாதம்தான் வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் அவரிடம் விழுந்தன.

கள்ளர், மதுரைக் கோட்டை, ஹைதர், லாலி, பூலித்தேவர். ஆறு ஆண்டில் இத்தனை பேர், ஒருவர் போல் இன்னொருவர் இல்லை. காட்டுச் சண்டைக்காரனுக்குப் பின் மதில், மதிலுக்குப் பின் குதிரைப்படை, அதற்குப் பின் ஐரோப்பியப் பீரங்கி. லூயிக்காவது எதிரே வருகிறவனின் எடை எத்தனை என்று முதல் நாளே தெரியும்.

ஆனால் கான்சாகிபுவுக்கு வினை வந்தது எதிராளி தீர்ந்தபோது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் இல்லாத தெற்கில் இவ்வளவு பெரிய கும்மந்தான் எதற்கு? நவாபுக்கு இவர்மேல் பழைய எரிச்சல். குத்தகைப் பணத்தை என் மூலம் கட்டு, என் சேவகன் என்று ஒப்புக்கொள் என்றார். ஆண்டுக்கு ஏழு லட்சம் தருகிறேன், நேரே கம்பெனியிடமே கட்டுகிறேன் என்றார் கான்சாகிபு. கம்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தது. சென்னைக்கு வா என்று கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டார் என்பதே என் முடிவு.

மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. பாண்டிச்சேரி போனபின் பிழைப்புத் தேடிய பிரெஞ்சுப் போர்வீரர்கள் மர்ஷான் என்பவரின் கீழ் கோட்டைக்குள் வந்தார்கள். 1763-இல் கம்பெனிப் படை மான்சன் தலைமையில் மதுரையை வளைத்தது. கூட வந்தவர் யார் தெரியுமா? பரங்கிமலையில் தோளோடு தோள் நின்ற அதே பிரெஸ்டன். நவாபும் பாளையத்தில் வந்து உட்கார்ந்தார். மழைக்காலம் வந்தது, கோட்டை விழவில்லை, முற்றுகை கலைந்தது.

1764-இல் சார்லஸ் கேம்பல் புதிதாக வந்தார். பதுங்குகுழிகள் அகழி வரை நெருங்கின. பீரங்கிகள் மதிலைப் பிளந்தன. ஜூன் 26 அன்று பிளவுகள் வழியே ஒரே நேரத்தில் ஏறினார்கள். உள்ளே காத்திருந்தவர், 1757-இல் இதே மதிலின் வெளியே நின்றவர். ஏறுகிறவன் எங்கே தடுமாறுவான் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாக்குதல் முறிந்தது. பிரெஸ்டன் படுகாயத்தோடு தூக்கிச் செல்லப்பட்டார், பிழைக்கவில்லை.

இதற்குமேல் மதிலில் மோதிப் பயனில்லை என்று கேம்பலுக்குப் புரிந்தது. நாலு பக்கமும் அடைத்துவிட்டார். ஒரு படி அரிசி உள்ளே போகாது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். திருச்சியில் பட்டினிக்காரர்களுக்கு வண்டி ஓட்டியவர், இப்போது வண்டி வராத கோட்டைக்குள் இருந்தார். பசியில் ஆட்கள் மதில் தாண்டி ஓடத் தொடங்கினார்கள். மர்ஷானோடு வாய்ச்சண்டை முற்றி, கான்சாகிபு அவரைச் சாட்டையால் அடித்துவிட்டார் என்பார்கள். அடி வாங்கிய மர்ஷானும், திவான் சீனிவாசராவும், அரண்மனை வைத்தியர் பாபா சாகிபும் ஒன்றாய் உட்கார்ந்து பேசினார்கள்.

இரண்டு முற்றுகையில் பீரங்கி சாதிக்காததை அந்த மூவரும் 1764 அக்டோபர் 13 அன்று சாதித்தார்கள். எப்படி என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் மதுரைக்காரர்கள் முடிந்தால் சம்மட்டிபுரம் பள்ளிவாசல் வரை ஒரு நடை போய் வாருங்கள்.

(தொடரும்)