காற்றுக் குமிழி பார்த்த வேலை

கல்லூரி முடிச்ச கையோட ஆறு மாசம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துல இருந்தேன். பிப்பெட்டால அளந்து, ரீஏஜென்ட் சேர்த்து, சூடாக்கி, கலரிமீட்டர்ல நிறத்தை அளக்கணும். அளவு தெரிஞ்ச சர்க்கரைக் கரைசலையும் (ஸ்டாண்டர்டு) கூடவே ஓட்டி ஒப்பிடணும். ஒருநாள் சோம்பல்பட்டு, காலையில எடுத்த ஸ்டாண்டர்டு அளவையே சாயந்திரமும் வச்சுக்கிட்டேன். நடுவுல ரீஏஜென்ட் பாட்டில் மாறியிருந்தது! ஒரு பெரியவரோட ரிப்போர்ட்டை டாக்டர் திருப்பி அனுப்பின பிறகுதான் உறைச்சுது.

அந்த உறுத்தல்லதான் லெனார்ட் ஸ்கெக்ஸ் பத்தித் தேடிப் படிச்சேன்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் உயிர்வேதியியலாளர். 1950களில் பரிசோதனைகள் பெருகிக்கிட்டே போக, அவர் சோதனைக் குழாயையே தூக்கிப் போட்டுட்டார். ரத்தமும் ரீஏஜென்ட்டும் மெல்லிய குழாய்க்குள்ள ஓடிக்கிட்டே கலக்கும். உருளைகள் குழாய்களை அழுத்தித் தள்ளும். எது எவ்வளவு சேரணும்ங்கிறதை குழாயோட உள்விட்டமே தீர்மானிச்சிடும். புரதத்தைப் பிரிக்க ஒரு சவ்வு. 1948லயே செயற்கைச் சிறுநீரகம் ஒண்ணு உருவாக்கினவராச்சே, சவ்வு அவருக்குப் பழகின சமாச்சாரம்.

சரி, ஒருத்தர் ரத்தம் அடுத்தவரோடதுல கலந்துடாதா? அங்கதான் குமிழி. சீரான இடைவெளியில காற்றை விட்டார். குமிழி திரவத்தைத் துண்டு துண்டாப் பிரிக்கும், குழாய்ச் சுவரையும் துடைச்சிக்கிட்டே போகும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த விஷயம். ஸ்டாண்டர்டும் அதே தட்டுல, நோயாளிகளோட கிண்ணங்களுக்குப் பக்கத்துலயே உட்காரும். அதே பாதை, அதே நேரம், அதே சூடு. அதனால வேதிவினை முழுசா முடியணும்னுகூட அவசியமில்லை. எல்லாத்துக்கும் ஒரே அளவு நடந்தாப் போதும். காகிதத்துல வரையற முகடுகளோட உயரத்தை ஒப்பிட்டா விடை. என் சோம்பலுக்கு அங்க இடமே இல்லை.

1957ல ஸ்கெக்ஸோட கட்டுரை வந்தது. டெக்னிகான் நிறுவனம் 'ஆட்டோஅனலைசர்'னு விற்க ஆரம்பிச்சது. 1960களில் ஒரே மாதிரியில 12 பரிசோதனை செய்யற இயந்திரமும் வந்தாச்சு. ஆனா டாக்டர் ரெண்டு கேட்டாலும் பன்னிரண்டும் ஓடும். கேட்டதை மட்டும் செய்யற கருவிகள் வந்ததும் மருத்துவமனைகள் அந்தப் பக்கம் போயிடுச்சு. தண்ணீர்ல நைட்ரேட், பாஸ்பேட் அளக்கிற கூடங்கள்ல இன்னிக்கும் அந்தக் குமிழிகள் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

ஒண்ணு மட்டும் மாறலை. ஸ்டாண்டர்டைத் தப்பாக் கரைச்சு வச்சா, தட்டுல இருக்கிற அத்தனை பேர் ரிப்போர்ட்டும் அழகா, ஒரே சீராத் தப்பும். நான் ஒரு பெரியவரோட தப்பிச்சேன்.