சொதப்பலும் தப்பும்

'சொதப்பிட்டான்' என்று சொல்லிச் சிரிக்கும்போது நாம் யாரை மன்னித்துவிடுகிறோம்?

சொல்லின் வேர் ஈரத்தில் இருப்பதாகவே படுகிறது. மழை விட்ட களத்துமேட்டில் கால் வைத்தால் 'சொதசொத'ன்னு இருக்கும். இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்கிறது தொல்காப்பியம். பேச்சு வழக்கு இலக்கணத்திடம் அனுமதி கேட்பதில்லை. பாதியை முறித்து, 'ப்பு' சேர்த்து, வினையாக்கிக்கொண்டது என்று கொள்ளலாம். இது அதிசயமல்ல. தெளிவு, கலக்கம், குழப்பம் என்று மனசுக்குச் சொல்லும் சொற்கள் நீருக்கும் ஆகிவருகின்றன. சேறானால் சொதப்பல். ஆனால் 'கலக்கிட்டான்' இன்று பாராட்டு, 'சொதப்பிட்டான்' கேலி. நீரைக் கலக்கியவனுக்குக் கைதட்டல், சேற்றில் கால் வைத்தவனுக்குச் சிரிப்பு.

2012இல் பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' வந்தபோது, இச்சொல் படித்த இளைஞனின் செல்லச் சொல்லாகியிருந்தது. சொதப்புகிறவன் கெட்டவனல்ல, அசடு வழிகிறவன், அவ்வளவுதான். இந்தச் சொல்லுக்குள் வெட்கம் உண்டு. பாதிக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை. அதன் அரசியல் இங்கேதான் தொடங்குகிறது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பட்டறைகளுக்கு வருவோம். பாவு இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் துணியில் பழுது விழும். பன்னிரண்டு மணி நேரம் நின்றவனின் கண் அசந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம். அங்கே அதைச் சொதப்பல் என்று யாரும் சிரிப்பதில்லை. அது தப்பு. தப்புக்குக் கூலியில் பிடித்தம் உண்டு. ஏற்கெனவே முன்பணமாக வாங்கிய பாக்கி கழுத்தில் கிடக்கிறது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் அது. ரொக்கக் கூலியில் ஓடிய தறிகள் தடுமாறின. எதிர்த்துப் பேசியவர்களில் பலரும் அதை 'சொதப்பல்' என்றார்கள். கேலி செய்வதாக நினைத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். முடிவெடுத்தவர் ஏதோ தெரியாத்தனமாக வழுக்கி விழுந்ததைப்போல!

ஆக, மேலே நடந்தால் சொதப்பல், கீழே நடந்தால் தப்பு. ஒன்றில் சிரிப்பு, மற்றதில் பிடித்தம். இச்சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குவதும், வட்டார வழக்கு என்று கொண்டாடுவதும் இந்தப் பங்கீட்டைத் தொடுவதில்லை. தறிக்காரரின் பழுதைப் பார்த்து முதலாளி 'சொதப்பிட்டியேப்பா' என்று சிரித்துவிட்டு முழுக்கூலி தரும் நாள் வரட்டும். அதுவரை ஆள்பவர்கள் செய்ததைத் தப்பு என்றே சொல்வோம்.