ஒலிக்கலவையும் உடைமையும்: பிளக்-இன் தெரிவின் வரலாற்றுப் பின்னணி

ஒலிக்கலவை என்பது தனித்தனியே பதிவுசெய்யப்பட்ட குரலையும் வாத்தியங்களையும் ஒன்றோடொன்று பொருந்தச் சேர்க்கும் தொழில். இன்று அத்தொழிலின் கருவிகளிற் பெரும்பாலானவை கணினிக்குள் இயங்கும் பிளக்-இன் எனப்படும் சிறு மென்பொருள்களே. அவற்றுள் எதனைத் தெரிவது என்னும் வினா செவியின் நுண்மையையும் தனிமனித இரசனையையும் சார்ந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. தெரிவுக்கெனத் தரப்படும் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பது அரிதாகவே கேட்கப்படுகின்றது. அப்பட்டியலின் வரலாறு உற்பத்தி உறவுகளின் வரலாறே என்பது எமது கருத்து.

கொம்பிரசரை எடுத்துக்கொள்வோம். ஓசையின் உரத்த பகுதிகளை அடக்கும் இக்கருவி அழகியல் நோக்கிற் பிறந்ததன்று. வானொலி நிலையத்தின் பரப்பி அளவுமீறிய ஒலியாற் பாதிக்கப்படாதிருக்கவும், இசைத்தட்டு வெட்டும் ஊசி தன் வரம்பைக் கடவாதிருக்கவுமே இவ்வகைக் கருவிகள் வேண்டப்பட்டன. 1950களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் உருவான ஃபெயார்சைல்ட் 670 இருபது வால்வுகளும் ஏறத்தாழ 30 கிலோ நிறையும் கொண்டது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் வெளிவந்த ஈ.எம்.ரீ. 140 உருக்குத் தகட்டை அதிரச் செய்து எதிரொலியைப் பிறப்பித்தது. அதன் நிறை கால் தொன்னுக்கும் மேல். பெருமூலதனம் உடையோரே இவற்றை வாங்க இயலும். (அதற்குப் பத்தாண்டுகள் முன், 1947இல், சிக்காகோவில் பில் புட்னம் குளியலறையொன்றையே எதிரொலி அறையாக்கி ஹார்மோனிகற்ஸ் குழுவின் பாடலொன்றைப் பதிவுசெய்தமை இங்கு நினைக்கத்தக்கது.)

காவற் கருவியை வெளிப்பாட்டுக் கருவியாக மாற்றியது உழைப்பே. 1966இல் பீற்றில்ஸ் குழுவினரின் 'ரிவோல்வர்' பதிவின்போது, ஈ.எம்.ஐ. நிறுவன ஊழியரான இருபது வயது ஜெஃப் எமெரிக், நிறுவன வழக்கத்தை மீறி ஒலிவாங்கியை முரசுக்கு மிக அருகில் வைத்து, அவ்வொலியை ஃபெயார்சைல்ட் 660 கருவியினூடாகக் கடுமையாக நசுக்கினார். இதனினும் தெளிவான சான்று, புட்னம் 1967இல் வெளியிட்ட 1176 கொம்பிரசர். நசுக்கும் விகிதத்தைத் தெரிய அதில் நான்கு பொத்தான்கள் உள்ளன. ஒரு நேரத்தில் ஒன்றை அழுத்துவதே முறை. கூடங்களில் உழைத்தோர் நான்கையும் ஒருங்கே அழுத்தி, வடிவமைத்தவர் எண்ணியிராத ஒரு முரட்டு ஒலியைக் கண்டனர். இன்று அதே கருவியைப் போலிசெய்யும் பிளக்-இன்களில் அது ஆயத்தமான ஒரு தெரிவு. விலையுள் அடங்கிய வசதி. கண்டவர்களின் பெயர் அங்கில்லை. உழைப்பின் கூட்டு அனுபவம் பண்டத்தின் இயல்பாகத் தோற்றமளிக்கும் இந்நிலையை மார்க்ஸ் பண்ட மாயை என விளக்கினார்.

1992இல் வேவ்ஸ் நிறுவனம் கியூ10 என்னும் பிளக்-இன்னை வெளியிட்டது. 1996இல் ஸ்ரைன்பேர்க்கின் வி.எஸ்.ரி. வந்தது. 1997இல் வந்த ஒட்டோ-ரியூன், எண்ணெய் தேடும் நிலவதிர்வு ஆய்வின் கணித முறைகளில் அனுபவம் பெற்ற அன்டி ஹில்டெப்ரான்டின் ஆக்கம். எண்ணெய்த் தொழிலின் கணிதம் பாடகரின் சுருதியைத் திருத்த வந்தது. 1999இல் புட்னமின் புதல்வர்கள் யூனிவேர்சல் ஓடியோவை மீள நிறுவினர். தந்தையின் இயந்திரங்கள் மென்பொருளாகவும் விற்பனைக்கு வந்தன. பழைய இயந்திரத்தின் குமிழும் முள்ளும் திரையில் தீட்டப்படுகின்றன. சில பிளக்-இன்களில் 50 அல்லது 60 ஹேர்ட்ஸ் மின் இரைச்சலையும் வேண்டிச் சேர்க்கலாம். பராமரிப்பு ஊழியர் ஆண்டுக்கணக்கில் அகற்றப் பாடுபட்ட குறை இன்று ஒரு சிறப்பம்சம்!

இதனாற் பழைய கூடங்களுக்காக ஏங்கவேண்டும் என்பதன்று. கால் தொன் உருக்கு, மாணவனின் மேசைக்கு வந்தது முன்னேற்றமே. ஆயினும் கருவி பரவலாகியமையும் உடைமை பரவலாகியமையும் ஒன்றல்ல. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. பயனாளரின் கடும் எதிர்ப்பினாற் சில நாட்களிலேயே அம்முடிவிலிருந்து பின்வாங்கியது. தொழிலாளன் தன் கருவிக்கு மாதந்தோறும் வாடகை செலுத்தும் நிலை அன்று அவ்விடத்தில் தடுக்கப்பட்டது. பிற நிறுவனங்களிற் சந்தா முறை நடைமுறையில் உள்ளது.

ஆகவே தெரிவு பட்டியலிலிருந்தன்றி, பதிவிலுள்ள குறையிலிருந்தே தொடங்குதல் வேண்டும். குரல் அடித்தொனியில் மங்கியுள்ளதா, சொற்கள் வாத்தியங்களுள் அமிழ்கின்றனவா என்பதை முதலிற் கேட்டறிய வேண்டும். இவ்விரண்டையும் திருத்த, பதிவு மென்பொருளுடன் வரும் சாதாரண ஈக்குவலைசரும் கொம்பிரசருமே பெரும்பாலும் போதும். அதற்கு மேலும் தேவையெனின், கட்டற்ற மென்பொருள் மரபொன்றும் உண்டு: 2000இல் லினக்ஸ் சூழலில் எழுந்த லட்ஸ்பா, அதன் வழிவந்த எல்.வி.2, ஆர்டர் எனும் பதிவு மென்பொருள் ஆகியன அம்மரபின. கிறிஸ் ஜோன்சனின் ஏர்விண்டோஸ் பிளக்-இன்களின் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம். அவற்றில் தீட்டிய குமிழோ ஆடும் முள்ளோ இல்லை. வெறும் நகர்த்திகள் மட்டுமே. கண்ணுக்கு அங்கு வேலையில்லையாதலாற் பயனாளர் காதைத் தீட்டியே ஆகவேண்டும்.