அப்பச்சோடாவும் அயர்லாந்தும்

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் சொல்லும். அடுக்களையின் வரலாற்றை எழுதிவைத்தவர் மிகச் சிலரே. நம் வீடுகளில் அப்பத்துக்கு மா கரைக்கையில் ஒரு சிட்டிகை இடுகிறோமே, அந்த அப்பச்சோடாவுக்கும் எழுதப்படாத வரலாறு ஒன்றுண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் அயர்லாந்தில் நிகழ்ந்தது.

பாண் பொங்க மதுவம் வேண்டும். பொங்கிய மாவை வேகவைக்கப் போறணை வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்துக் குடியானவர்களின் குடிசைகளில் பெரும்பாலும் போறணை இருக்கவில்லை. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கட்டிகளை எரித்த திறந்த அடுப்பே அவர்களுக்கு வாய்த்தது. அந்நாட்டின் ஈரக் காலநிலையில் விளைந்த கோதுமையும் மென்மையானது. மதுவமிட்ட பாணுக்கு வேண்டிய பசைத்தன்மை அதில் குறைவு.

இந்தக் குறையை நிரப்பும் பொருள் தொழிற்சாலையிலிருந்து வந்தது. கடற்சாதாழையையும் கரையோரச் செடிகளையும் எரித்த சாம்பலிலிருந்தே முன்னர் சோடா பெறப்பட்டது. 1791இல் நிக்கொலா லெபிளாங்க் என்ற பிரெஞ்சு மருத்துவர், கறியுப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். அதன்பின் சோடா மலிந்தது. அதிலிருந்து செய்யப்படும் அப்பச்சோடாவும் ஏழைகளின் கைக்கெட்டியது. 1836இல் இலண்டன் விவசாயச் சஞ்சிகையொன்று, அயர்லாந்தின் வடபகுதிப் பத்திரிகையில் வந்த சோடாப் பாண் செய்முறையை எடுத்து வெளியிட்டது.

செய்முறை மிக எளிது. ஓர் இறாத்தல் கோதுமை மாவுக்கு ஒரு தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, நீர் கலவாத புளித்த மோர் ஏறக்குறைய 400 மில்லிலீற்றர். மோரின் புளிப்பு சோடாவைத் தொட்டதும் காபனீரொட்சைட்டு வாயு பிறந்து மாவைப் பொங்கச் செய்கிறது. ஆகவே அடித்துப் பிசையாமல், விரைவாகச் சேர்த்து உருட்டி, மேலே சிலுவைக் குறியாகக் கீறி அடுப்பேற்ற வேண்டும். தேவதைகள் வெளியேறவே அந்தக் கீறல் என்பது நாட்டார் நம்பிக்கை. வெப்பம் நடுப்பகுதியைச் சென்றடையவும் அது உதவுகிறது. அயர்லாந்துப் பெண்கள் இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடியின் மேலும் தணல் பரப்பினர். அந்தச் சட்டியே அவர்களின் போறணை.

இச்செய்முறை அச்சேறி ஒன்பது ஆண்டுகளில், 1845இல், உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதேயளவினர் நாட்டைவிட்டு அகன்றனர். 1841இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை 1851இல் 65 இலட்சமாயிற்று. அவ்வாண்டுகளிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது என்பதை நேயர்கள் மனங்கொள்ள வேண்டும். மதுவமின்றிப் பாண் சுடும் அறிவு அவர்களிடம் இருந்தது. அதற்கான மாவை வாங்கத்தான் வழியிருக்கவில்லை. பஞ்சத்துக்குப் பிந்திய தசாப்தங்களிலேயே சோடாப் பாண் நாடெங்கும் அன்றாட உணவாக நிலைபெற்றது.

இன்று அதனை அயர்லாந்தின் தொன்மை மரபென்று போற்றுகின்றனர். உண்மையில் அதன் வயது இருநூறாண்டுகளையும் எட்டவில்லை. இதனால் அதன் மதிப்புக் குன்றிவிடாது. அயலிலிருந்து வந்த பொடியொன்றைத் தம் மோரோடும் தணலோடும் சேர்த்துத் தமதாக்கிக் கொண்டவர்கள் அந்தக் குடிசைப் பெண்கள். மரபை மிகப் பழையதென்று காட்டும் ஆர்வத்தில் அவர்களின் உழைப்பையும் பசியையும் நாம் மறைத்துவிடக் கூடாது. லெபிளாங்கின் பெயரை இரசாயன நூல்கள் காத்து வைத்துள்ளன. சோடாவை முதலில் மோரில் கலந்து பார்த்த பெண்ணின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை.