வாசி தீர்ந்த காசு



திருவீழிமிழலைப் படிக்காசு வரலாற்றை நீங்கள் பன்முறை கேட்டிருப்பீர்கள். ஆயினும் அதன் நடுவே வரும் ஒரு சிறு செய்தியைச் சொற்பொழிவாளர் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். யாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கடந்து சென்றவர்தாம். இன்று அவ்விடத்தில் சற்று நிற்கக் கருதுகின்றோம்.

மழை பொய்த்து நாட்டில் வற்கடம் வந்துற்றது. அடியார்கள் பசியால் வாடினர். அக்காலத்து வீழிமிழலையில் எழுந்தருளியிருந்த சம்பந்தப் பெருமானுக்கும் அப்பர் பெருமானுக்கும் இறைவர் நாள்தோறும் ஒவ்வொரு காசு படியாக அருளினார். கிழக்குப் பீடத்தில் ஒன்று; மேற்குப் பீடத்தில் ஒன்று. அக்காசுகளைக் கொண்டு இரு திருமடங்களிலும் அமுது நடைபெற்றது. ஆனால் அப்பர் திருமடத்தில் காலத்தே பந்தி எழ, சம்பந்தர் திருமடத்தில் மட்டும் பொழுது தாழ்ந்தது. காரணம் யாது எனப் பிள்ளையார் வினவினார். பண்டம் வாங்கச் சென்றவர் விடை கூறினர்: அப்பருக்கு வரும் காசைக் கடைக்காரர் தடையின்றி ஏற்கின்றனர், நமக்கு வரும் காசுக்கோ வாசி கேட்கின்றனர்.

வாசி என்றால் வட்டம். காசின் தரம் கருதிக் கடையில் தள்ளிக்கொள்ளும் பகுதி. கைத்தொண்டு புரிந்த அரசருக்கு வாசியில்லாக் காசும், திருமகனாராகிய பிள்ளையாருக்கு வாசியுள்ள காசும் கிடைத்தன என்று சேக்கிழார் பெருமான் காரணம் காட்டுகிறார். உழவாரம் பிடித்துக் காய்த்த கைக்கு வந்த காசு அது. பின்னர்ச் சம்பந்தர் வாசி தீர வேண்டிப் பதிகம் பாட, காசு நன்காசாயிற்று. பந்தியும் காலத்தே எழுந்தது.

இவ்வளவு பெரிய அற்புதத்தினுள்ளே கடைத்தெருவின் கணக்கு ஒன்றை வைத்தாரே சேக்கிழார்! அமைச்சராக இருந்து வரவு செலவு கண்டவரல்லவா? இறைவன் அளித்த பொருளேயாயினும், அது பசித்தவன் இலைக்குப் போய்ச் சேரும் வழியில் எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க அவர் மறக்கவில்லை.

ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் திருவிழா அன்னதானத்துக்குப் பொருள் திரட்ட எம்மை அழைத்தார்கள். ஐந்து நாள் பேசினோம். மக்கள் உண்டியலை நிறைத்தனர். காதணியைக் கழற்றிக் கொடுத்தவரும் உளர். விழா முடிந்தபின் கணக்கைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. பந்தல், விளக்கு, சுவரொட்டி, மாலை, பிரமுகர் விருந்து ஆகியவை போக அரிசிக்கு நின்றது பாதிக்கும் குறைவு. அச்செலவுப் பட்டியலில் எமக்களித்த சன்மானமும் ஒரு வரியாக இருந்தது. அதனை அன்றே திருப்பித் தந்தோம் என்று சொல்ல ஆசைதான். தரவில்லை. மகளின் திருமணம் அடுத்த மாதம். அதன்பின் வீழிமிழலை வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் அந்த வரி எம் கண்முன் வந்து நிற்கின்றது.

நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ஒரு திருநுந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்று அறம் வைத்தமை காணலாம். அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதோ, மூப்படையாதோ என்று நகைக்க வேண்டா. செத்ததற்கும் கிழண்டதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்துத் தொகையை 96 ஆகவே காத்து, நாளொன்றுக்கு உழக்கு நெய் அளப்பது இடையர் பொறுப்பு. தஞ்சைப் பெரிய கோயிலிலோ, பொருளை ஊர்ச்சபையார் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை பொலிசை செலுத்தினர். முதலில் கை வைப்பாரில்லை. கொடுத்தவர், பெற்றவர், அளக்கும் அளவு ஆகிய யாவும் கோயிற் சுவரில் வெட்டப்பட்டன. வழிபட வருவோர் கண்முன்னே கணக்கு நின்றது. இக்காலத்துக் கணக்கேடுகள் பெட்டிக்குள் உறங்குகின்றன. சுவரில் கொடுத்தவர் பெயர் மட்டும் குழல்விளக்கில் எரிகின்றது!

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த பெரியார் இருவரை ஈண்டு நினைக்கின்றோம். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் ஏறக்குறைய 80 காணி நிலத்தை அதற்கென எழுதிக் கொடுத்தனர். 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உடைய அடுப்பில் அன்று ஏற்றிய தீ இன்றும் அணையாமல் காக்கப்பெறுகின்றது.

மற்றவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். 1848இல் மெதடிஸ்த பாடசாலை உத்தியோகத்தை உதறி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைக் கண்டார். 1864இல் சிதம்பரத்திலும் ஒன்று நிறுவினார். பல ஊர்களுக்கும் சென்று கையேந்திப் பொருள் திரட்டினார், விவாகமும் செய்துகொண்டாரில்லை. 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். பஞ்ச காலத்தில் அரசாங்க அதிபர் துவைனந் துரையின் போக்கையும் அஞ்சாது கண்டித்தார். இரந்து பெற்ற கைதான், அதிகாரத்தின்முன் குவியவில்லை.

இவ்விருவரும் அருட்பா குறித்து ஒருவரோடொருவர் மாறுபட்டு, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்கு சென்றதை யாவரும் அறிவர். அவ்வழக்கைப் பற்றி எழுதிய நூல்கள் பல; இன்றும் அதனைக் கிளறி மகிழ்வோர் உளர். யாம் நாவலர் மரபில் பாடம் கேட்டவர். ஆயினும், எவர் பக்கம் நியாயம் என்று மேடையில் முழங்கிய நாட்களை நினைத்தால் இப்பொழுது நாணம் உண்டாகின்றது. அப்பெரியோர் வழக்கோடு நின்றுவிடவில்லை. ஒருவர் அடுப்பு மூட்டினார். மற்றவர் தொட்டியில் கஞ்சி நிறைத்தார். வழக்கை மட்டும் நாம் சுதந்தரமாகப் பெற்றுக்கொண்டோம்.

இவ்வாண்டு இத்திருவிழாவில் பேச ஒப்பும்போது நிருவாகத்தாரிடம் இரண்டு வேண்டினோம். எமக்குச் சன்மானம் வேண்டா, வழிச்செலவு போதும். அன்னதானத்துக்கு வந்த நெல், அரிசி, பணம் ஆகியவற்றின் வரவும் செலவும் நாள்தோறும் கரும்பலகையில் எழுதிக் கோபுர வாயிலில் வைக்கப்படல் வேண்டும். முன்னதற்கு உடனே இசைந்தார்கள். பின்னதற்குச் சிறிது தயங்கிப் பின் ஒப்பினார்கள். பலகை தெற்குத் தூணருகே இருக்கின்றது. நேற்றைய வரிகளில் விறகுக் கணக்கு விடுபட்டிருந்ததைப் பந்தியில் பரிமாறும் அம்மையார் ஒருவர் கண்டு சொல்ல, இன்று காலை அதனையும் சேர்த்திருக்கின்றார்கள்.