பல்வாங்கர் பாலூ: தலைமை மறுக்கப்பட்ட பந்துவீச்சாளர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயில் கிரிக்கெட் அணிகள் மத அடிப்படையிலேயே அமைந்தன. ஒரு சமூகத்தாருக்கே உரிய விளையாட்டு மன்றங்களான ஜிம்கானாக்களின் சார்பில் ஐரோப்பியரும் பார்சிகளும் இந்துக்களும் மோதிய முக்கோணப் போட்டி, 1912இல் முஸ்லிம் அணியும் சேர்ந்தபின் நாற்கோணப் போட்டி எனப்பட்டது. இவற்றில் இந்து அணியின் பலமாக விளங்கிய பல்வாங்கர் பாலூ, தோல் தொழிலோடு பிணைக்கப்பட்டுத் தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் 1876இல் தார்வாரில் பிறந்தவர்.

புனேயில் பார்சிகளின் மன்றமொன்றில் மாதம் 3 ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் பணியில் சேர்ந்த அவர், பின்னர் ஐரோப்பியரின் புனே மன்றத்தில் 4 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாறினார். அங்கே வலைப்பயிற்சியில் ஜே. ஜி. கிரெய்க் போன்ற தேர்ந்த மட்டையாளர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசியதில்தான், வலக்கை ஆட்டக்காரரை விட்டு விலகித் திரும்பும் அவருடைய இடக்கைச் சுழல் கூர்மை பெற்றது; ஆயினும் அவரை மட்டை பிடிக்க அங்கே எவரும் அழைக்கவில்லை.

அவருடைய திறமை தேவைப்பட்டதால் புனேயின் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பாலூ தொட்ட பந்தை மைதானத்தில் தயக்கமின்றித் தொட்ட சக ஆட்டக்காரர்கள், தேநீர் இடைவேளையில் பீங்கான் கோப்பைகளில் அருந்தியபோது, அவருக்கு மட்டும் கட்டடத்துக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவுக்கும் தனித்தட்டு, தனிமேசை. இந்த வழக்கத்தைச் சமூகச் சீர்திருத்தவாதியான மகாதேவ கோவிந்த ரானடே கண்டித்தது புனேயில் பெரிதும் பேசப்பட்டது.

1906இல் பம்பாயில் ஐரோப்பியரை இந்துக்கள் 109 ஓட்ட வித்தியாசத்தில் வென்றபோது 8 விக்கெட்டுகள் பாலூவுக்கே வீழ்ந்தன. பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி, தான் ஆடிய 14 முதல்தர ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று தளர்ந்த பயணத்திலும், 35 வயதான பாலூ, எல்லா ஆட்டங்களிலுமாக 18.84 என்ற சராசரியில், அதாவது ஒரு விக்கெட்டுக்குப் பத்தொன்பது ஓட்டங்களுக்கும் குறைவாகவே கொடுத்து, 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். தோற்ற அணியில் நின்று இவ்வளவு சாதித்தவரை அந்நாளின் தலைசிறந்த பந்துவீச்சாளர் வரிசையில் வைப்பதே நியாயம்.

இத்தனைக்குப் பின்னும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1920இல் அவர் அணியிலிருந்தே விலக்கப்பட்டுத் தலைமை வேறொருவருக்குச் சென்றபோது, தம்பியரான சிவராமும் விட்டலும் சாதியால் நேர்ந்த அநீதியை அறிக்கையில் எடுத்துரைத்து ஆட்டத்திலிருந்து விலகினர். எதிர்ப்பு வலுக்கவே, அடுத்த ஆட்டத்துக்குப் பாலூ துணைத்தலைவராக மீண்டும் அழைக்கப்பட்டார். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். பாலூவின் ஆட்டக்காலமோ அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

(தொடரும்)