எடை முள் ஏன் நின்றுவிடுகிறது? - ஒரு வளையத்தின் வரலாறு



உடல் பருமனுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையின் சரித்திரத்தை எழுதும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி குறிப்பாக ஒன்று கேட்டாள்: “சார், வயிற்றில் பேண்ட் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் மளமளவென்று குறைந்தது. இப்போது எட்டு மாதமாக ஒரே எடை. நான் எங்கே தப்பு செய்தேன்?”

நான் மருத்துவன் இல்லை, சரித்திர வாத்தியார். மாத்திரை எழுதித் தர எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய கேள்விக்குள் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் “நான் எங்கே தப்பு செய்தேன்” என்ற கேள்வியே மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் கேஸ்ட்ரிக் பேண்ட் என்றால் என்னவென்று பார்ப்போம். சிலிக்கோனால் ஆன ஒரு வளையம். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி அதை மாட்டுகிறார்கள். வளையத்துக்கு மேலே சின்னக் கிண்ணம் போல ஒரு பை உண்டாகிறது. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. வளையத்தின் உட்புறம் ஊதக்கூடிய ஒரு பை இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தோலுக்கு அடியில் வைத்த ஒரு சின்ன வாயிலுக்கு வருகிறது. ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். குடலை வெட்டவோ ஒட்டவோ வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் கழற்றியும் விடலாம்.

இந்த யோசனைக்கு வந்து சேர நீண்ட வழி நடக்க வேண்டியிருந்தது. 1954-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமன், லின்னர் ஆகியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி, உணவு குறுக்கு வழியில் போகும்படி செய்த அறுவையைப் பற்றி எழுதினார்கள். எடை குறைந்தது. ஆனால் பின்னாளில் அந்த முறையில் சிகிச்சை பெற்ற பலருக்குக் கடும் வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் கேடு என்று வந்ததால் அது கைவிடப்பட்டது. 1966-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் வேறு வழி பிடித்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை அகற்றியவர்கள் எளிதில் பருமனாவதில்லை என்பதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய கேஸ்ட்ரிக் பைபாஸ்.

அடுத்து, வெட்டாமலே வயிற்றைச் சுருக்க முடியுமா என்று பார்த்தார்கள். 1980-களின் நடுவில் ஸ்வீடனில் ஹால்பெர்க்கும் ஃபோர்செல்லும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லுபோமிர் குஸ்மாக்கும், ஏறக்குறைய ஒரே காலத்தில், இறுக்கித் தளர்த்தக்கூடிய வளையத்தை உருவாக்கினார்கள். எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதில் ஆடுமாடு மேய்த்து, பெல்ஜியத்துக்குப் போய் மருத்துவம் படித்தவர் மிட்டிகு பெலாச்சு. அவர் 1993 செப்டம்பர் 1 அன்று ஹுய் என்ற ஊரில், லேப்ராஸ்கோப்பி முறைக்கென்றே வடிவமைத்த வளையத்தைச் சிறு துளைகள் வழியாகப் பொருத்தினார். 2001-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகமும் லேப்-பேண்டுக்கு அனுமதி தந்தது. அடுத்த பத்தாண்டு வளையத்தின் பொற்காலம்.

இனி எடை நிற்கும் கதை. அதைச் சொல்ல இன்னும் பின்னால் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினியால் வாடிய ஐரோப்பியர்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று அறிய மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். 1944 நவம்பரில் அது தொடங்கியது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,570 கலோரி சாப்பாடு, வாரத்துக்கு 22 மைல் நடை. எடையில் கால் பங்கு குறைந்தது.

நமக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான். எடை ஒரே சீராகக் குறையவில்லை. ஆரம்பத்தில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் இறங்கி, கடைசியில் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. சும்மா இருக்கும்போதே உடல் செலவழிக்கும் சக்தி சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தது. நாடித் துடிப்பு மெதுவானது. அந்த இளைஞர்கள் குளிரில் நடுங்கினார்கள், தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். அவர்கள் பருமனானவர்கள் இல்லை, ஆரோக்கியமான ஒல்லி இளைஞர்கள். அதனால் எல்லாவற்றையும் அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனாலும் ஒன்று விளங்குகிறது. வரவு குறைந்தால் உடல் செலவைக் குறைத்துக்கொள்கிறது. நம் பாட்டன் பூட்டன் பார்த்த தாது வருஷப் பஞ்சமும், மருத்துவர் எழுதித் தரும் டயட்டும் உடலுக்கு ஒன்றுதான். அது காரணம் கேட்பதில்லை.

இவ்வளவு தெரிந்தும் உலகம் வேறு ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டது. 1958-ல் நியூயார்க் மருத்துவர் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி, ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று கணக்குச் சொன்னார். அதை வைத்து, தினம் 500 கலோரி குறைத்தால் வாரம் ஒரு பவுண்டு குறையும், வருஷத்துக்கு 52 பவுண்டு குறையும் என்று புத்தகங்கள் எழுதின. அந்தக் கணக்குப்படி பார்த்தால் சில வருஷத்தில் ஆளே காணாமல் போக வேண்டும்! வகுப்பில் இப்படி ஒரு விடை வந்தால், வழிமுறையைத் திரும்பப் பார் என்று நான் சொல்லியிருப்பேன். 2011-ல் கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். உடல் சிறுக்கச் சிறுக்க அதன் செலவும் குறையும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் எடை நிற்கும். அதாவது தேக்கம் விபத்து இல்லை, கணக்கின் விடையே அதுதான்.

இடையில் வேறு சான்றுகளும் சேர்ந்தன. 1994-ல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது, மூளை அதைப் பஞ்சச் செய்தியாக எடுத்துக்கொள்கிறது. 1995-ல் லைபல், ரோசன்பாம், ஹிர்ஷ் மூவரும், பத்து விழுக்காடு எடை குறைந்தவர்களின் உடல், எடைக்குறைவுக்கு உரியதைவிடவும் அதிகமாகவே சிக்கனம் பிடிக்கிறது என்று அளந்து காட்டினார்கள். 1999-ல் ஜப்பானியர்கள் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டார்கள். 2011-ல் மெல்போர்னில் 50 பேரிடம் நடந்த ஆய்வில், டயட் மூலம் எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இப்போது வளையத்துக்கு வருவோம். அது சாப்பாட்டின் அளவைக் குறைக்க உதவும். உடலின் சிக்கனத்தை அதனால் தடுக்க முடியாது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில், அறுவை செய்தவர்கள், செய்யாதவர்கள் என்று சுமார் 4,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். வளையம் போட்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 20 விழுக்காடு எடை இழந்தார்கள். பத்தாண்டு முடிவில் அது 14 விழுக்காடு. பைபாஸ் செய்தவர்களுக்கும் 32 விழுக்காடு, 25 ஆனது. எந்த முறையிலும் கோடு இறங்கி, நின்று, கொஞ்சம் ஏறியிருக்கிறது. அப்படியிருந்தும் சுமார் 11 ஆண்டுகளில் இறந்தவர்கள் அறுவை செய்த பக்கம் 101 பேர், செய்யாத பக்கம் 129 பேர். இரண்டு பக்கத்திலும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். எடை நின்றது, கொஞ்சம் ஏறியது, ஆனாலும் ஆயுள் கூடியது.

2013-ல் மெல்போர்னின் பால் ஓ’பிரையன் குழு, வளையம் போட்ட 3,227 பேரின் கணக்கை வெளியிட்டது. 15 ஆண்டு கழித்தும் உபரி எடையில் 47 விழுக்காடு குறைந்த நிலை நீடித்தது. ‘உபரி எடையில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கரும்பலகைக் கணக்காகப் போடுகிறேன். ஒருவர் 115 கிலோ. உயரத்துக்கு உரிய எடை 65. உபரி 50. அதில் 47 விழுக்காடு என்றால் 23.5 கிலோ. ஆக அவர் நிற்கும் இடம் 91.5 கிலோ. எடை 92-ல் நின்றுபோனது, நான் தோற்றுவிட்டேன் என்று அழுகிறவர், உண்மையில் உலகத்தின் நல்ல மருத்துவக் குழு ஒன்று பெற்றுத்தந்த சராசரியில்தான் நிற்கிறார். 65-க்கு வந்துவிடுவோம் என்ற எண்ணத்தை அவர் மனத்தில் விதைத்தது ஆய்வு இல்லை, விளம்பரமும் வீட்டாரும்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது சரித்திரம் ஆகாது. அதே மெல்போர்ன் ஆய்வில் வளையத்துக்கு மேலே உள்ள பை விரிந்ததால் 26 விழுக்காட்டினருக்கும், குழாய், வாயில் பழுதால் 21 விழுக்காட்டினருக்கும் மறு அறுவை தேவைப்பட்டது. 2011-ல் பெல்ஜியத்தில் ஹிம்பென்ஸ் குழு வெளியிட்ட நீண்டகால ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வளையத்தையே எடுக்க வேண்டியிருந்தது. வளையத்தின் பொற்காலம் அத்துடன் சரிந்தது. 2011-ல் அமெரிக்க எடைக்குறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த வளையம், சில ஆண்டுகளில் நூற்றுக்குச் சில என்று ஆனது. அதன் இடத்தை இரைப்பையின் ஒரு பக்கத்தை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் முறை பிடித்துக்கொண்டது. 2021-ல் அமெரிக்காவில் பருமனுக்கு அனுமதி பெற்ற செமாக்ளூடைட் ஊசியிலும் இதே கதைதான். முக்கிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு குறைந்தது. முடிவை நெருங்கும்போது அங்கும் கோடு படுத்தது. ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே ஆண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது.

சரி, எடை நின்றுவிட்டவர் என்ன செய்யலாம்? வளையத்தோடு பல்லாண்டு பழகிய மருத்துவர்கள் சொன்னதிலிருந்து சிலவற்றைத் தருகிறேன்.

முதலாவது, மருத்துவரிடம் போவதை நிறுத்தக் கூடாது. பலர் வெட்கப்பட்டே போகாமல் இருந்துவிடுகிறார்கள். வளையம் தளர்ந்திருக்கலாம், உப்புநீர் கசிந்திருக்கலாம், பை விரிந்திருக்கலாம். இவற்றை அவர்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும். 

இரண்டாவது, இறுக்கினால் குறையும் என்று நினைக்காதீர்கள். அதிகமாக இறுக்கினால் ரொட்டியும் இறைச்சியும் சிக்கி வாந்தி வரும். ஐஸ்கிரீமும் மில்க்‌ஷேக்கும் சாக்லேட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும். மனிதன் எது இறங்குகிறதோ அதைத்தான் சாப்பிடுவான். வளையம் இறுக இறுக எடை ஏறிய கதைகள் உண்டு. அதனால்தான் மெல்போர்ன் குழு, தளர்ந்த நிலைக்கு மஞ்சள், சரியான நிலைக்குப் பச்சை, இறுகிய நிலைக்குச் சிவப்பு என்று மூன்று நிறம் வைத்தது.

மூன்றாவது, பழைய பாடம். சின்ன வாய், நன்றாக மெல்லுதல், நிதானம், சாப்பாட்டில் போதிய புரதம், நடையோடு தசைக்கும் கொஞ்சம் வேலை. 

நான்காவது, எடை முள்ளை மட்டும் பார்க்காமல் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி, இரவுத் தூக்கம் இவற்றையும் குறித்து வையுங்கள். 2008-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், அண்மையில் சர்க்கரை நோய் கண்ட 60 பேரில், வளையம் போட்ட பாதியில் 73 விழுக்காட்டினருக்கு இரண்டாண்டில் நோய் தணிந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற பாதியில் 13 விழுக்காடு.

திடீரென்று வாந்தி நிற்கவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை, வயிறு கடுமையாக வலிக்கிறது, படுத்தால் இருமலும் எதுக்களிப்பும் என்றால் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வளையம் நழுவியிருக்கக்கூடும்.

கடைசியாக, உறவினர்களுக்கு. விசேஷ வீட்டுப் பந்தியில், “அவ்வளவு பணம் கொட்டி ஆபரேஷன் பண்ணியும் அப்படியேதானே இருக்கே, வாயைக் கட்ட வேண்டாமா?” என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனை பேர் விசேஷங்களுக்கே வராமல் இருக்கிறார்கள் தெரியுமா? எழுபது ஆண்டுகளாக உலகத்தின் தேர்ந்த மருத்துவர்களும் எடைக்கோட்டைத் தொடர்ந்து இறங்கவைக்க முடியாமல் நிற்கும் இடத்தில்தான் உங்கள் அக்கா மகளும் நிற்கிறாள். இழந்த இருபது கிலோவை மறுபடி ஏறவிடாமல் பிடித்து நிற்பதே அவளுக்கு அன்றாட உழைப்பு. அவளைக் கண்டால் “சௌக்கியமா இருக்கியாம்மா?” என்று மட்டும் கேளுங்கள். இலையில் என்ன வைத்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டாம்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள். சரித்திரத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நம்மிடையே இருக்கும் மருத்துவ மாணவர்கள் மற்றவற்றுக்குச் சொல்லட்டும். தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.